வாய்த்தகராறு எப்படிக் கொலையில் முடிகிறது?

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்த நாலு வரிச் செய்தி இல்லாத வாரமே கிடையாது. மது குடிக்கும்போது வாய்த்தகராறு. நண்பரைக் கத்தியால் குத்திக் கொன்றவர் கைது. ஊர்ப்பெயரும் வயதும் மாறும், மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கும். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். முதல் பக்கத்துக்கு வருகிற கொலைகள் வேறு ரகம்: கூலிப்படை, சைக்கோ கொலையாளி, சொத்துக்காக மாமனாரைத் தீர்த்துக்கட்டிய மருமகன். டீக்கடையில் பேசப்படுவதும் சினிமாவில் வருவதும் அந்த ரகம்தான்.

குற்றவியல் படிக்க வருகிறவர் முதலில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். பாடம் அந்த நாலு வரிச் செய்திதான். முதல் பக்கச் செய்தி விதிவிலக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் 'தகராறு' என்று காரணம் எழுதப்பட்டவை 9,962. முன்விரோதம், பழிவாங்கல் என்று போனவை 3,761. பணம், நகை, சொத்து என்று ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே, அதாவது நூற்றில் ஏழுகூட இல்லை.

ஆக, 'எப்படிப்பட்ட அரக்கன் இதைச் செய்தான்' என்று கேட்டால் பெரும்பாலான கொலைகளுக்குப் பதில் கிடைக்காது. இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த இரண்டு பேருக்குள் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். கடந்த நூறு வருடக் குற்றவியல் முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு மெல்ல நகர்ந்த கதை என்றே சொல்லலாம்.

எது வன்முறைக் குற்றம்?

ஒருவர் உடல்மேல் கைவைப்பதும், வைப்பேன் என்று மிரட்டுவதும் வன்முறைக் குற்றம். கொலை, கொலை முயற்சி, அடிதடி, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி எல்லாம் இதில் வரும். ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்து நகையை எடுத்தால் அது சொத்துக் குற்றம். அதே நகையைக் கழுத்தில் கத்தி வைத்துப் பறித்தால் கணக்கு மாறிவிடும்.

இதற்குள்ளேயே ஆதாயத்துக்கான வன்முறை, ஆத்திரத்தில் பிறக்கும் வன்முறை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வழிப்பறிக்காரனுக்கு அடி ஒரு கருவி, வேண்டியது பர்ஸ். சண்டைக்காரனுக்கு அடிப்பதே நோக்கம். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும், என்றாலும் ஆரம்பத்தில் இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

ஆய்வாளர்கள் கொலையை வைத்தே அதிகம் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடிதடியும் பாலியல் குற்றமும் காவல் நிலையப் படியேறாமலே போகின்றன. பிணத்தை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. பதிவேடு ஓரளவு நம்பும்படி இருப்பது கொலையில்தான்.

மண்டையோட்டை அளந்த காலம்

இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்ப்ரோசோ 1876இல் ஒரு கருத்தை நூலாக எழுதினார். குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படி. பரிணாமத்தில் பின்தங்கிப்போன மனிதர்கள். பெரிய தாடை, சரிந்த நெற்றி, நீண்ட கை என்று உடம்பிலேயே அடையாளம் தெரியும் என்பது அவர் வாதம். ஐரோப்பா முழுக்க இது பரவியது. பிறகு சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர்கள், ராணுவ வீரர்கள் போன்றவர்களோடு ஒப்பிட்டார். 1913இல் வெளியான முடிவு: குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு ஒன்றும் இல்லை.

லோம்ப்ரோசோவை வைத்துச் சிரிப்பது எளிது. ஆனால் 'பிறவிக் குற்றவாளி' என்ற எண்ணம் அவரோடு பிறக்கவுமில்லை, அவரோடு சாகவுமில்லை. அவர் நூலுக்கு ஐந்து வருடம் முன்பே, 1871இல், ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, குறிப்பிட்ட சாதிகளில் பிறந்தவர்களையே சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போய்விட்டது. 'மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது' என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே வேறு வழியில் போனார். அவர் மண்டையை அளக்கவில்லை, பிரான்சின் நீதிமன்றப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக் கூட்டினார். குற்றம் இளவயதில் உச்சத்துக்கு ஏறி, வயது கூடக்கூட இறங்குகிறது என்பதை 1831இலேயே காட்டினார். ஆண்கள் செய்வது பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் கண்டார். ஏறக்குறைய எல்லா நாட்டிலும் இன்றும் இதே கதைதான். உலகில் கொல்லப்படுகிறவர்களிலும் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பெண்கள் கொல்லப்படுவதன் வடிவம் வேறு. ஐ.நா. கணக்குப்படி 2021இல் கொல்லப்பட்ட பெண்களில் 56 சதவீதம் பேர் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தார் கையில் இறந்தவர்கள். ஆண்களில் இது 11 சதவீதம். இருட்டுத் தெருவில் போகாதே என்று மகளுக்குச் சொல்கிற அறிவுரைக்கும் இந்தக் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

பிலடெல்பியாவின் 588 கோப்புகள்

மார்வின் வுல்ஃப்கேங் அமெரிக்கக் குற்றவியலாளர். 1948 முதல் 1952 வரை பிலடெல்பியா நகரில் நடந்த 588 கொலைகளின் போலீஸ் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, 1958இல் முடிவுகளை வெளியிட்டார். யார் யாரைக் கொன்றார், எந்த அறையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, கையில் என்ன இருந்தது, யார் குடித்திருந்தார் என்று பார்த்தார். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. அதுவரை யாரும் இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை.

கொன்றவரும் இறந்தவரும் அறிமுகமே இல்லாதவர்களாக இருந்தவை எட்டில் ஒன்று போலத்தான். மற்றவர்கள் நண்பர்கள், உறவினர், தெரிந்தவர்கள். பாதிக் கொலைகள் வீட்டுக்குள் நடந்தவை. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு நள்ளிரவுக்குள் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. கொன்றவரோ இறந்தவரோ இருவருமோ குடித்திருந்த வழக்குகளும் ஏறத்தாழ அதே அளவு. காரணம் என்று கோப்பில் அதிகம் இருந்தது அற்பச் சண்டை: ஒரு வசவு, ஒரு தள்ளு, சில்லறைக் கடன்.

588இல் 150 வழக்குகளில் முதலில் கை நீட்டியவர், அல்லது ஆயுதத்தை எடுத்தவர், இறந்துபோனவர்தான் என்றும் அவர் எழுதினார். இது பெரிய வம்பை இழுத்துவிட்டது. இந்தக் கருத்தை 1971இல் இன்னொரு ஆய்வாளர் பாலியல் வன்கொடுமைக்கும் நீட்டப்போக, 'பாதிக்கப்பட்டவளே காரணம்' என்ற பழைய பல்லவிக்கு அறிவியல் சாயம் பூசுகிறீர்களா என்று பெண்ணியவாதிகள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததில் தவறில்லை. இரண்டு ஆண்கள் மல்லுக்கு நின்ற சண்டையில் முதல் அடி யாருடையது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வன்கொடுமையில் வைக்க முடியாது.

ஆறு படி

அற்பக் காரணத்துக்காகக் கொன்றான் என்று எழுதிவிட்டால் விளக்கம் முடிந்ததாகாது. அற்பம் ஏன் அற்பமாக நிற்கவில்லை? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமான பதிலைத் தந்தவர் டேவிட் லக்கன்பில். கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டத்தில் பத்து வருடங்களில் நடந்த 70 கொலைச் சம்பவங்களை எடுத்து, சாட்சி வாக்குமூலங்களை ஒட்டிவைத்து, ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி எப்படி நகர்ந்தது என்று பார்த்தார். 1977இல் வெளியான கட்டுரை அது. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

மேசையில் நாலு பேர். ஒருவன் எதையோ சொல்கிறான்: "நீயெல்லாம் பேச வந்துட்ட." இது முதல் படி. இரண்டாவது படியில் கேட்டவன் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறான். உடனே அல்ல, பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான், "என்ன சொன்னான் பாத்தியா?" என்கிறான். அவன் "விடுடா, போதையில சொல்றான்" என்றால் பாதி வழக்குகள் அங்கேயே செத்துவிடும். அவன் சிரித்துவிட்டால் போச்சு. மூன்றாவது படி, பதிலடி: "இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்." நான்காவது படிதான் முக்கியம். இப்போது முதலாமவன் மன்னிப்புக் கேட்கலாம், எழுந்து போகலாம். இரண்டும் தோற்றதாகத் தெரியும். அதனால் அவன் மறுபடி சொல்கிறான். வன்முறையால்தான் இதைத் தீர்ப்பது என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஐந்தாவது படியில் ஆயுதம் வருகிறது. சிலர் இடுப்பில் வைத்திருப்பார்கள். சிலர் கைக்கு எட்டிய பாட்டிலை எடுப்பார்கள். சிலர் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆறாவது படி: ஒருவன் கீழே கிடக்கிறான். மற்றவன் ஓடுகிறான், அல்லது நிற்கிறான், அல்லது சுற்றியிருப்பவர்கள் பிடித்துவைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது சுற்றி இருந்தவர்கள். பெரும்பாலான சம்பவங்களில் வேடிக்கை பார்க்க ஆள் இருந்தது. உசுப்பேற்றினார்கள், அல்லது சும்மா இருந்தார்கள். சும்மா இருந்ததையும் சண்டைக்காரர்கள் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள். தனியறையில் அதே சொல்லைக் கேட்டிருந்தால் விழுங்கியிருப்பான். நாலு பேர் முன்னால் விழுங்க முடியவில்லை.

நம் சட்டத்துக்கும் இது தெரியாததல்ல. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில், முன்திட்டமில்லாமல் திடீர்ச் சண்டையில் ஆத்திரத்தில் நடந்த கொலைக்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. எதிராளியைவிடத் தனக்கிருந்த அனுகூலத்தை முறைகேடாகப் பயன்படுத்தாமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் இருந்தால், அது 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று தண்டனை குறையும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டொனால்ட் பிளாக் என்ற சமூகவியலாளர் 1983இல் சொன்னது: வன்முறையில் இறங்குகிற பலர் தங்களைக் குற்றவாளியாகவே நினைப்பதில்லை. அநியாயம் நடந்தது தனக்கு, தண்டனை கொடுப்பது தான் என்றே நினைக்கிறார்கள். 'தப்பு பண்ணான், தட்டிக் கேட்டேன்.' போலீசும் நீதிமன்றமும் தனக்காக வராது என்று நினைக்கிற இடத்தில் இது இன்னும் வலுக்கும்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் கொல்வதில்லை?

அவமானம் எல்லோருக்கும் நேர்கிறது. சிலர்தான் கத்தி எடுக்கிறார்கள். இங்கே பழைய சந்தேக நபர்கள் வரிசையாக வருவார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கத் தேவையில்லை.

மனநோய்? நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அமெரிக்க ஆய்வுகளில் மொத்த வன்முறையில் தீவிர மனநோய்க்குப் பொறுப்பு 4 சதவீதம் அளவே வருகிறது. சிறுவயதில் அடிபட்டு வளர்ந்தது? உண்டு. கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகள் பிற்காலத்தில் வன்முறைக்காகக் கைதாவது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில், அப்படி வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எந்த வன்முறைக் குற்றத்துக்காகவும் கைதாகவில்லை. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வறுமை? 'பசி வந்தால் பத்தும் பறக்கும்' என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் 1930களில் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத பெருமந்தக் காலத்தில், 1933க்குப் பிறகு கொலை குறைந்தது. செல்வம் பெருகிய 1960களில் ஏறி, 1970களின் நடுவில் இரண்டு மடங்கானது. எல்லோரும் ஏழையாக இருப்பதைவிட, பக்கத்துத் தெருவில் செழிப்பும் இங்கே முடக்கமும் என்று இருப்பது வன்முறையோடு அதிகம் ஒட்டிவருகிறது. மதிப்புக்கு வேறு வழி இல்லாத இளைஞனுக்கு 'இவன்கிட்ட வச்சுக்காத' என்ற பேர்தான் மிஞ்சிய சொத்து.

இடம் என்பது இன்னும் பெரிய விஷயம். க்ளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிக்காகோவில் சிறார் குற்றங்களைப் பல பத்தாண்டுகளுக்கு வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். நகர மையத்தை ஒட்டிய அதே பேட்டைகள்தான் ஒவ்வொரு முறையும் மேலே வந்தன. இத்தனைக்கும் அங்கே குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மானியரும் அயர்லாந்துக்காரரும் போய் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள், பிறகு கறுப்பின மக்கள் வந்தார்கள். ஆள் மாறியும் எண்ணிக்கை மாறவில்லை. 'அந்தச் சாதிக்காரனே அப்படித்தான்' வகையறாப் பேச்சுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது.

அதே நகரில் ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் 1997இல் ஒரு படி மேலே போனார்கள். 343 குடியிருப்புப் பகுதிகளில் ஜனங்களிடம் கேட்டார்கள்: பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பையன்கள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது கேட்பார்களா? உங்கள் வீட்டு முன்னால் சண்டை நடந்தால் யாராவது விலக்குவார்களா? 'கேட்பார்கள்' என்று நம்பிக்கையோடு சொன்ன இடங்களில், வறுமை ஒரே அளவாக இருந்தும், வன்முறை குறைவாக இருந்தது. லக்கன்பில் சொன்ன வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இதுவும் ஒரே கதைதான். அங்கே மேசை, இங்கே தெரு.

கையில் இருக்கும் ஆயுதம் பற்றி ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் 1968இல் சிக்காகோ போலீஸ் பதிவுகளை வைத்துச் சொன்னதை மறக்கக் கூடாது. கத்தித் தாக்குதலோடு ஒப்பிட்டால் துப்பாக்கித் தாக்குதல் சாவில் முடிவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. தாக்கியவர்களின் நோக்கத்தில் அத்தனை வித்தியாசம் தெரியவில்லை. கோபம் ஒன்றுதான், சாவு வேறு. அதனால் அடிதடி வழக்குக்கும் கொலை வழக்குக்கும் நடுவே இருப்பது பல நேரம் ஆயுதமும், ஆம்புலன்ஸ் வந்த வேகமும்தான்.

இந்தக் கோட்பாடுகள் எல்லாம் அமெரிக்க நகரங்களில் பிறந்தவை. நம்மிடம் வரும்போது ஓரிடத்தில் இடறும். ஆணவக் கொலை திடீர்ச் சண்டையில்லை. நாள் குறித்து, ஆள் வைத்து, சில நேரம் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தில் நடக்கிறது. அக்கம்பக்கம் கட்டுக்கோப்பாக இருந்தால் வன்முறை குறையும் என்ற சாம்ப்சன் கணக்கு இங்கே தலைகீழாகிறது, ஏனென்றால் அந்தக் கட்டுக்கோப்பே கொலைக்குத் துணை நிற்கிறது. பிளாக் சொன்ன 'நான் நியாயம் செய்கிறேன்' மட்டும் அச்சாகப் பொருந்துகிறது.

கிளாஸ்கோவும் கார்டிஃபும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 2000களின் தொடக்கத்தில் கத்திக்குப் பெயர்போனது. தெருக்கும்பல், எல்லைத் தகராறு, வாயோரத்திலிருந்து காது வரை கிழித்த தழும்போடு திரியும் இளைஞர்கள். 2005 ஜனவரியில் அந்தப் பகுதிப் போலீஸ் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கேரின் மெக்ளஸ்கி என்ற பகுப்பாய்வாளரும் ஜான் கார்னாக்கன் என்ற துப்பறியும் அதிகாரியும் அதன் தூண்கள். வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி எடுத்துக்கொள்வோம், எங்கிருந்து பரவுகிறது என்று பார்த்து அங்கே தடுப்போம் என்றார்கள்.

2008இல் கும்பல் பையன்களை நகர நீதிமன்றத்துக்குள் அழைத்து உட்காரவைத்தார்கள், விசாரணைக்கு அல்ல. போலீஸ் எழுந்து, இனி ஒருவன் குத்தினால் கும்பல் மொத்தத்தையும் பிடிப்போம் என்றது. முகக் காயங்களைத் தைக்கும் மருத்துவர் தான் பார்ப்பதைச் சொன்னார். மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். கடைசியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்து, விலக நினைத்தால் கூப்பிடு, படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்கிறோம் என்றார்கள். இப்படி விலகுவதற்கு ஒரு கௌரவமான சாக்கு கிடைத்தது. நான்காவது படியில் மாட்டிக்கொண்டவனுக்குக் கிடைக்காமல் போவது அதுதான்.

2004-05இல் ஸ்காட்லாந்தில் 130க்கு மேல் இருந்த கொலை வழக்குகள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் 60 அளவுக்கு வந்தன. முழுப் புகழும் இந்தத் திட்டத்துக்கே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதே காலத்தில் கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையைக் கூட்டினார்கள், பல மேற்கத்திய நாடுகளிலும் வன்முறை இறங்கிக்கொண்டிருந்தது.

வேல்ஸின் கார்டிஃபில் நடந்தது இன்னும் எளிமையானது. ஜொனதன் ஷெப்பர்ட் முகம், தாடை அறுவை மருத்துவர். அவசர சிகிச்சைக்கு அடிபட்டு வருகிறவர்களில் பலருடைய விஷயம் போலீசுக்கே தெரியவில்லை என்று கண்டுகொண்டார். வரவேற்பு மேசையில் மூன்று கேள்விகளைச் சேர்த்தார்கள்: எங்கே அடிபட்டது, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு அடித்தார்கள்? அந்தப் பட்டியல் போலீசுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கூடம், எந்தத் தெரு, எந்த நேரம் என்று தெரிந்ததும் ரோந்து அங்கே மாறியது. உடைந்தால் ஆயுதமாகிற கண்ணாடிக் குவளைகளும் கணக்கில் வந்தன. அதேபோன்ற வேறு 14 நகரங்களோடு ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வில், வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்வது கார்டிஃபில் 42 சதவீதம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் அட்லாண்டா பகுதியும் பிறகு இதே முறையை எடுத்துக்கொண்டது. மருத்துவமனை கொடுத்தது இடம், நேரம், ஆயுதம் மட்டும்தான். காயம்பட்டவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் பலர் வரவேற்பு மேசையில் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.